பதினோராவது பெயரில் போர்த்திய பொன்னாடை

1

சென்ற மாதம் திருப்பூர் வந்திருந்தபோது, எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு டஜன் பொன்னாடை வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள். எந்த வருஷம் யார் ஊருக்குப் போகிறார்களோ அவர் தலையில் இந்த வேலை விழும். குமரன் ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். “ஃபாரினுக்குங்களா? எடை கம்மியா இருக்கறதாப் பாத்துத் தர்றனுங்க” என்று கடைக்காரர் மேசை முழுவதும் விரித்துப் போட்டார். சிவப்புக் கரை, பச்சைக் கரை, சரிகை என்று சொல்லப்படுகிற மஞ்சள் நூல். ஒன்றைக் கையில் எடுத்தேன், வைத்தேன். “இன்னைக்கு வேண்டாமுங்க” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஆட்டோவில் திரும்பும்போது மாலதி ஒன்றும் கேட்கவில்லை. என் மனைவிக்குக் காரணம் தெரியும்.

உங்களுக்குத் தெரியாது. அமெரிக்காவில் சன்னிவேலுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. இதற்கு முன்பு இந்தப் பத்திரிகையில் உங்களுக்கு எழுதியபோதெல்லாம் ஃப்ரீவேயில் வழி தவறியது, லைசென்ஸ் ஆபீஸ் வரிசையில் பாதி நாள் நின்றது என்று சிரிக்கிறபடியான சங்கதிகளையே எழுதினேன். இது அப்படிப்பட்டது இல்லை. மூன்று வருஷமாக எழுதாமல் தள்ளிப்போட்டு வந்தேன். அந்தக் கடையில் பொன்னாடையைத் தொட்டதும் இனித் தள்ள முடியாது என்று தோன்றிவிட்டது.

2

எங்கள் மகள் அபிராமி ஒன்பது வயதில் இங்கே வந்தாள். வீட்டில் அபி; பள்ளியில் இரண்டே மாதத்தில் அவள் பெயர் ஆபி ஆயிற்று. பதின்மூன்று வயது வரை சங்கத்துப் பொங்கல் விழாவில் சினிமாப் பாட்டுக்கு ஆடினாள். பிறகு ஒரு நாள், “இனிமே நான் ஆடலப்பா” என்றாள். ஏன் என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினாள். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தோளைக் குலுக்குவது ஒரு முழு வாக்கியம்.

பதினாறு வயதில் அவளுக்கு மரிசெல் என்ற சிநேகிதி கிடைத்தாள். பிலிப்பைன்ஸ்காரர்கள், பக்கத்து ஊரான மில்பிடாஸில் வீடு. அந்த வீட்டுக் கராஜில் சனிக்கிழமை மதியம்தோறும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கூடுவார்கள். இரண்டு பேர் நீளமான மூங்கில்களைத் தரையில் பிடித்துத் தட்டுவார்கள். மற்றவர்கள் நடுவில் புகுந்து கால் சிக்காமல் ஆடுவார்கள். எல்லாம் இங்கேயே பிறந்த பிள்ளைகள். பாதிப் பேருக்குத் தாய்மொழியே சரியாக வராது. ஆனால் ஆட்டம் முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். எங்கள் ஆட்கள் இந்த நாட்டுக்கு என்னவெல்லாம் செய்தார்கள், அது ஏன் எங்கள் பாடப் புத்தகத்தில் இல்லை என்று பேசுவார்கள். பேசியதை நாடகமாக எழுதி நூலக வாசலிலும் சர்ச் மண்டபத்திலும் போட்டார்கள். முடிந்ததும் மனுவில் கையெழுத்து வாங்கினார்கள்.

“அது நம்முது இல்லியே. உனக்கு அங்க என்ன வேலை?” என்று மாலதி கேட்டாள்.

“அவங்க ஸ்டேஜ்ல ஏறினா எதையாவது சொல்றாங்கம்மா. நம்ம ப்ரோக்ராம்ல நாம என்ன சொல்றோம்? பாட்டு, டான்ஸ், டின்னர்.”

எனக்குச் சுருக்கென்றது. அந்த ப்ரோக்ராமுக்குச் செயலாளர் நான்.

மரிசெல்லின் தாத்தாவைப் பற்றி அபி சாப்பாட்டு மேசையில் அடிக்கடி பேசுவாள். அவர்கள் பாஷையில் தாத்தாவுக்கு லோலோ என்று பெயர். எங்கள் வீட்டிலும் அவர் லோலோதான். எண்பதை நெருங்கிய வயது. ஒரு காது கேட்காது, மற்றது பாதி கேட்கும். கராஜுக்கு வருவதென்றாலும் டை கட்டிக்கொண்டுதான் வருவார்.

அவர் கதை இதுதான். இரண்டாம் உலகப் போரின்போது பிலிப்பைன்ஸ் அமெரிக்காவின் கீழ் இருந்தது. லோலோவும் அவர் வயதுப் பையன்களும் அமெரிக்கக் கொடிக்குக் கீழே சண்டை போட்டார்கள். மற்றச் சிப்பாய்களுக்கு உள்ளதெல்லாம் உங்களுக்கும் உண்டு என்று சொல்லப்பட்டது. போர் முடிந்ததும், இவர்கள் செய்தது அந்தச் சலுகைகளுக்கான ராணுவச் சேவை ஆகாது என்று ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள். கிழவர்களான பிறகு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், குடியுரிமை மட்டும் கிடைத்தது. மீதியும் கிடைக்கும் என்று நம்பி விமானம் ஏறி வந்தார்கள். பலர் சான் பிரான்சிஸ்கோவில் ஒற்றை அறைகளில் தங்கிக் காத்திருந்தார்கள். காத்திருக்கும்போதே இறந்தவர்களில் லோலோவின் படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள் மட்டும் பத்தொன்பது பேர். அந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

3

இங்கே நம் ஊர் சமாச்சாரம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மேடையில் பேசுகிறவர் நிறுத்தமாட்டேன் என்றால் நாம் என்ன செய்வோம்? முதலில் துண்டுச் சீட்டு போகும். அதற்கு அசையவில்லை என்றால் சோடா போகும். அதற்கும் அசையவில்லை என்றால் பொன்னாடை போகும். பேச்சின் நடுவில் தலைவர் சிரித்துக்கொண்டே எழுந்து போர்த்துவார், கூட்டம் கைதட்டும், அந்தச் சத்தத்தில் மைக் நகர்ந்துவிடும். ஒருவரைக் கௌரவித்தே உட்கார வைக்கிற வித்தை இது. திருப்பூரில் எத்தனையோ விழாக்களில் நான் தொண்டனாக இருந்து கற்றுக்கொண்டது.

என் பெரியப்பா சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர். தியாகி பென்ஷனுக்கு விண்ணப்பித்தார். கூட இருந்த கைதி ஒருவர் சான்றிதழ் தர வேண்டும் என்றார்கள். கூட இருந்தவர்கள் அதற்குள் செத்துப் போயிருந்தார்கள். ஒரு சுதந்திர தின விழாவில் அவரை இரண்டு வார்த்தை பேசச் சொன்னபோது, பெரியப்பா தன் ஃபைல் நம்பரிலிருந்து ஆரம்பித்தார். தாலுகா ஆபீசில் என்ன சொன்னார்கள், கலெக்டர் ஆபீசில் என்ன சொன்னார்கள் என்று போயிற்று. சேர்மன் கண்ணைக் காட்டினார். பொன்னாடைத் தட்டை எடுத்துக்கொண்டு மேடை ஏறியவன் நான்.

வீட்டுக்கு வந்து அதை மடித்துக்கொண்டே பெரியப்பா கேட்டார். “தட்ட எடுத்துட்டு வந்தது நீதானாடா?”

ஆமாம் என்றேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. விழா நேரத்துக்கு முடிந்ததே என்ற திருப்தியில் இருந்தேன்.

4

மூன்று வருஷத்துக்கு முந்தைய பொங்கல் விழாவுக்கு மரிசெல்லின் குழுவை விருந்தினர் நிகழ்ச்சியாக அழைத்தேன். மூங்கில் நடனம் பார்வையாக இருக்கும் என்பது ஒரு காரணம். உண்மையான காரணம், அபி நாலு வருஷத்துக்குப் பிறகு எங்கள் மேடையில் ஏறுவாள் என்பது. அவளுக்கும் சந்தோஷம். அந்த வாரம் முழுவதும் என்னிடம் தமிழிலேயே பேசினாள்.

“லோலோவும் வருவார்ப்பா, கடைசில கொஞ்சம் பேசுவார், ஓகேவா?”

“எட்டு நிமிஷம்மா. எல்லாருக்கும் எட்டு நிமிஷம்” என்றேன்.

ஒரு பள்ளிக்கூட அரங்கத்தில் விழா. நடனத்துக்கு நல்ல கைதட்டல். பிறகு பிள்ளைகள் மூங்கில்களை நிறுத்திப் பிடித்து அரைவட்டமாக நின்றார்கள். லோலோ பழைய ராணுவத் தொப்பியோடு நடுவில் வந்தார். நடந்ததை மரிசெல் சுருக்கமாகச் சொன்னாள். சட்டம் போட்டதையும் சொன்னாள். லோலோ மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பிரித்துப் பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார். ஒரு பெயர், கொஞ்சம் மௌனம், ஒரு மூங்கில் தரையில் தட்டும் சத்தம். அடுத்த பெயர்.

ஐந்தாவது பெயருக்குள் எட்டு நிமிஷம் தாண்டிவிட்டது. மாலதி பின்கதவில் எட்டிப் பார்த்து, “ஏனுங்க, சாம்பார் ஆறுதுங்க” என்றாள். சங்கத் தலைவர் சுந்தரேசன் என் காதருகில் குனிந்தார். அவர் சென்னைக்காரர், நல்ல மனிதர்.

“என்ன சார் இது, கவர்ன்மென்ட்டைத் திட்டறாங்க? ஆடியன்ஸ்ல பாதிப் பேர் விசால இருக்கான். உங்க கிரீன் கார்டே இன்னும் வரல.”

வரவில்லைதான். இங்கே கைரேகைக்கும் கெடு உண்டு. கெடு தாண்டிவிட்டது, மறுபடி ரேகை வைக்க வா என்று கடிதம் வந்திருந்தது. போக வேண்டிய நாள் அடுத்த வாரம். யாரோ ஒருவர் இந்த மேடையைப் போட்டோ எடுப்பதாகவும், அது எந்த மேசைக்கோ போய்ச் சேருவதாகவும் மனசு கற்பனை செய்தது. பிற்பாடு கேட்டவர்களுக்கெல்லாம் நேரமாகிவிட்டது என்று சொன்னேன். அது பொய். எனக்குப் பயமாக இருந்தது.

சீட்டு அனுப்பினேன். லோலோ தலையசைத்து நன்றி சொல்லிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த பெயரை வாசித்தார். தண்ணீர் அனுப்பினேன். குடித்துவிட்டு அடுத்த பெயரை வாசித்தார். பிறகு தட்டை நானே எடுத்துக்கொண்டு சுந்தரேசனோடு மேடை ஏறினேன்.

“பசிலியோ” என்று ஒரு பெயர். அது பதினொன்றாவது. மூங்கில் தட்டுவதற்குள் சுந்தரேசன் பொன்னாடையைப் போர்த்திவிட்டார். கூட்டம் கைதட்டியது. நான் மைக்கை நகர்த்தினேன்.

லோலோ பிரமித்துப் போய்த் தோளில் கிடந்த சரிகைக் கரையைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. நேராக நிமிர்ந்து எங்கள் இருவருக்கும் சல்யூட் வைத்தார். பிள்ளைகளும் பெருமையாகக் கைதட்டினார்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும்? அந்த மேடையில் ஒருத்திக்குத்தான் தெரியும். சின்ன வயதிலிருந்து இந்த விழாக்களில் முன்வரிசையில் உட்கார்ந்து வளர்ந்தவள். அபியின் கையில் மூங்கில் தூக்கியபடி நின்றது. அவள் அதைத் தட்டவே இல்லை.

5

வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்கும்போது அபி, “ஐ நோ வாட் யூ டிட்” என்றாள். அதற்குப் பிறகு பல வாரங்களுக்கு என்னோடு இங்கிலீஷ்தான், அதுவும் தேவைக்கு மட்டும்.

லோலோ பொன்னாடையை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கோட்டின் மேல் போட்டுக்கொண்டு போனார். ஊர்வலத்தில் போட்டுக்கொண்டார். யார் கேட்டாலும், இந்தியர்கள் என்னை மேடையில் கௌரவித்தார்கள் என்று சொன்னார். இதெல்லாம் மாலதி மூலமாக எனக்கு வந்து சேர்ந்தது.

ஒரு சனிக்கிழமை அபி ஒத்திகைக்குக் கிளம்பாமல் சமையலறையில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“புது ப்ளே பண்றோம். லோலோ கதை. கடைசி சீன் என்ன தெரியுமா? நம்ம பங்ஷன். இந்த நாட்டுல அவருக்கு மரியாதை குடுத்த ஒரே இடம்னு எழுதியிருக்காங்க. பொன்னாடை போர்த்தறது நான். ஏன்னா நான்தானே இந்தியன்.”

நான் காபி டம்ளரைத் தள்ளி வைத்தேன்.

“ஒவ்வொரு ரிஹர்சல்லயும் அதை அவர் மேல போடறேன். அவர் அழறார். எல்லாரும் அழறாங்க. எனக்குக் குமட்டுதுப்பா.”

“நீ சொல்லிடேன்மா.”

“நான் எதுக்குச் சொல்லணும்? பண்ணினது நீங்க. நீங்க சொல்லலைன்னா நான் க்ரூப்பை விட்டுடறேன். சொல்லாம அங்க நிக்க என்னால முடியாது.”

அவள் விட்டுவிட்டால் அவளுக்கு இங்கே வேறு என்ன இருக்கிறது என்று யோசித்தேன். நாங்கள் கொடுத்த மேடை அவளுக்கு வேண்டாம். அவளாகத் தேடிக்கொண்ட மேடை அது ஒன்றுதான். அதையும் நான் கெடுக்கப் பார்க்கிறேன். இவ்வளவு தெரிந்தும் இரண்டு சனிக்கிழமைகள் சாக்குச் சொல்லிக் கடத்தினேன். அந்த இரண்டு சனிக்கிழமையும் அபி அறைக்கதவை மூடிக்கொண்டு வீட்டிலேயே இருந்தாள்.

6

மூன்றாவது சனிக்கிழமை மில்பிடாஸுக்கு நானே போனேன். அபியும் கூட வந்தாள். கராஜில் நுழைந்ததும் மரிசெல் ஓடிவந்து என் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். பெரியவர்களிடம் ஆசி வாங்குகிற அவர்கள் முறை அது. பின்னாலேயே மற்றப் பிள்ளைகளும் வரிசையாக வந்து ஒற்றிக்கொண்டார்கள். கையை எங்கே ஒளித்துவைப்பது என்று தெரியவில்லை.

லோலோவிடம் தனியாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவருக்குத்தான் காது கேட்காதே. அன்றும் பொன்னாடையோடு இருந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து மெல்ல ஆரம்பித்தேன். “சத்தமாக, சார்” என்றார். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். கையைக் காதருகில் குவித்துக்கொண்டு, “இன்னும்” என்றார். கடைசியில் கராஜ் முழுவதும் கேட்கிற மாதிரி நான் கத்திச் சொல்லும்படி ஆயிற்று. உங்களை நிறுத்தத்தான் பொன்னாடை போர்த்தினோம். எங்கள் ஊரில் அப்படி ஒரு வழக்கம். நேரம் காரணமில்லை. என் கிரீன் கார்டுக்காகப் பயந்தேன்.

மூங்கில்கள் நின்றுவிட்டன. லோலோ காதருகில் குவித்திருந்த கையை இறக்கினார். அவர் பேசியது இங்கிலீஷ், தமிழில் தருகிறேன்.

“எங்கள் ஊரில் இருக்கும் என் மனைவிக்குக் கடிதம் எழுதினேன். பொன் போட்ட துணியால் போர்த்தினார்கள் என்று எழுதினேன். அவள் அதைத் தெரு முழுவதும் படித்துக் காட்டியிருக்கிறாள்.”

“மன்னிக்க வேண்டும்” என்றேன்.

“நீங்கள் நிறுத்தியபோது எந்தப் பெயரில் இருந்தேன்?”

அபிதான் சொன்னாள். “பசிலியோ. பதினொண்ணு. இன்னும் எட்டு இருக்கு, லோலோ.”

அவர் தோளிலிருந்து பொன்னாடையை எடுத்தார். ராணுவத்தில் பழகிய கை. மூலைக்கு மூலை சேர்த்துச் சதுரமாக மடித்து என் மடியில் வைத்தார். எழுந்து வெளியே போய், நிறுத்தியிருந்த வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். பிள்ளைகளில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திரும்பி வரும்போது அபி என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். வழக்கமாகப் பின்சீட்டில் படுத்துக்கொள்கிறவள். “கஷ்டமா இருந்துச்சாப்பா?” என்று தமிழில் கேட்டாள். ஆமாம் என்றேன்.

7

நாலு நாள் கழித்து மரிசெல் போன் செய்தாள். நாடகம் நிற்கவில்லை, கடைசிக் காட்சியை மாற்றி எழுதியிருக்கிறார்களாம். லோலோ ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். பொன்னாடையை அபி போர்த்தக் கூடாது. அன்று தட்டைத் தூக்கி வந்தவரே வந்து போர்த்த வேண்டும்.

சேதி சுந்தரேசனுக்கும் எட்டிவிட்டது. “சார், கேஸ் பெண்டிங்ல இருக்கறப்ப இதெல்லாம் தேவையா? அவங்க ஆளுங்க பேப்பர்ல போட்டோ போடுவாங்க” என்றார். அவர் அக்கறையில்தான் சொன்னார். நான் மாலதியைப் பார்த்தேன்.

“போங்க. பண்ணினதத்தான மறுக்காப் பண்ணச் சொல்றாங்க” என்றாள்.

ஒரு சர்ச் மண்டபம், ஞாயிற்றுக்கிழமை மதியம். முன்வரிசைகளில் லோலோவைப் போன்ற கிழவர்கள், தொப்பியும் டையுமாக. சுவரோரமாக ஒருவர் கழுத்தில் கேமராவோடு நின்றார். திரைக்குப் பின்னால் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தட்டில் அதே பொன்னாடை. லோலோ என்னைப் பார்த்தார், சிரிக்கவில்லை. “பதினொன்றில் வாருங்கள்” என்று மட்டும் சொன்னார்.

கடைசிக் காட்சியில் அவர் தாளைப் பிரித்தார். பெயர், மௌனம், மூங்கில். பத்து பெயர்கள். “பசிலியோ” என்றதும் மேடை ஏறினேன். போர்த்தினேன். ஒரு கைகூடத் தட்டவில்லை. நான் யார், என்ன செய்கிறேன் என்று நாடகம் அவர்களுக்கு முன்பே சொல்லியிருந்தது. எழுதியிருந்தபடி மைக்கை நகர்த்தினேன்.

அபியின் மூங்கில் தரையில் இறங்கியது. பொன்னாடை தோளில் கிடக்க, தலையை நிமிர்த்தாமல், மைக் இல்லாத குரலில் லோலோ பன்னிரண்டாவது பெயரை வாசித்தார்.

நான் எப்போது இறங்க வேண்டும் என்று யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. திரையோரம் போகத் திரும்பினேன். வரிசையில் நின்ற அபி, மூங்கிலைப் பிடித்தபடி, அங்கேயே நில்லுங்கள் என்று கண்ணால் சொன்னாள். வெறும் தட்டோடு நின்றேன். எட்டுப் பெயரையும் நின்று கேட்டேன். கடைசிப் பெயரை வாசித்து, மூங்கில் தட்டி, லோலோ தாளை மடித்துப் பையில் வைத்தார். பழக்கதோஷம், கை தானாக வாட்சைத் திருப்பிப் பார்த்தது.

இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை.